யொரூபா படித்த இரண்டு குளிர்காலங்கள்

நான் யொரூபா படித்தவள் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, அது என்ன என்று. நைஜீரியாவின் தென்மேற்கில் பேசுகிற மொழி என்பேன். அடுத்த கேள்வி, அதை என்னத்துக்குப் படிச்சனீர் என்பது. அதற்கு என்னிடம் ஒருநாளும் ஒழுங்கான பதில் இருந்ததில்லை. நடந்ததைத்தான் சொல்ல முடியும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நானும் கணவரும் சுவிஸில், ஊஸ்டர் என்ற ஊரில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஓர் அறையும் குசினியும் மட்டும் உள்ள வீட்டில் இருந்தோம். அவர் எனக்கு ஒன்றரை வருடம் முன்னதாக வந்தவர். ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். இருவருடைய அகதி விண்ணப்பமும் முடிவு தெரியாமல் கிடந்தது. எனக்கு நகரத்தில், ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தில் துப்புரவு வேலை. காலையில் ஐந்தரைக்குத் தொடங்கி, மாணவர்கள் வருமுன் நாலாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடி வரை கூட்டித் துடைத்துவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் மொழியியல் படித்தவள் நான். மூன்றாம் வருடம் படிக்க விடாமல் நாடு குழம்பிவிட்டது. இங்கே பல்கலைக்கழகத்துக்குள் வாளியோடும் தும்புத்தடியோடும் நுழைந்தேன். அதில் எனக்கு வெட்கமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். வெட்கப்படுகிற அளவுக்கு அங்கே யாரும் என்னைப் பார்க்கவில்லை.

முதல் குளிர்காலத்தில் ஒருநாள், மூன்றாம் மாடிக் கடைசி அறையின் கரும்பலகையில் ஒரே சொல் நான்கு தரம் எழுதிக் கிடந்தது. எழுத்துகளுக்குக் கீழே சிறு புள்ளிகள். மேலே சிலவற்றுக்கு வலம் சாய்ந்த கோடு, சிலவற்றுக்கு இடம் சாய்ந்த கோடு, சிலவற்றுக்கு ஒன்றுமில்லை. பலகையைத் துடைப்பதும் என் வேலைதான். ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர அழிக்க மனம் வரவில்லை. தொனி மாறினால் பொருள் மாறுகிற மொழிகளைப் பற்றி எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்தது. பரீட்சைக்காக அதைப் பாடமாக்கியிருந்தேன். அப்படி ஒரு மொழியைக் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான்.

"எ கூ இஷே" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

திரும்பினேன். என் வயதுதான் இருக்கும், ஒரு கறுப்பினப் பெண். அளவுக்கு மிஞ்சிய பெரிய கோட்டும் காதை மூடிய கம்பளித் தொப்பியும். விளங்கவில்லை என்று எனக்குத் தெரிந்த டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், சொன்னேன். அவள் இங்கிலீஷுக்கு மாறினாள்.

"வேலை செய்கிறவருக்குச் சொல்லும் வணக்கம் அது. எங்கள் ஊரில் வேலை செய்கிற ஒருவரை அதைச் சொல்லாமல் தாண்டிப் போக முடியாது. இங்கே அதைச் சொல்ல எனக்கு ஆளே கிடைக்கவில்லை."

அவள்தான் அந்த வகுப்பின் விரிவுரையாளர். தன் தாய்மொழியைக் கற்பிக்க, வருடத்துக்கு வருடம் நீட்டிக்கிற ஒப்பந்தத்தில் வந்திருந்தாள். பலகையில் இருந்த சொல்லைக் காட்டினாள். ஒக்கொ. கோடு இல்லாமல் சொன்னால் கணவன். கடைசியைத் தாழ்த்திச் சொன்னால் வாகனம். உயர்த்திச் சொன்னால் மண்வெட்டி. இரண்டையும் தாழ்த்தினால் ஈட்டி. நான்கையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எனக்கு ஒரே சொல்லை நான்கு தரம் சொன்னதாகவே கேட்டது.

"எல்லாம் ஒன்றுதான் போலிருக்கிறது" என்றேன்.

"வகுப்புக்கு வந்தால் வேறு வேறாகக் கேட்கும்" என்றாள். "புதன் பின்னேரம். இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். வா."

பரீட்சையும் பட்டமும் இல்லாமல் பாடத்தை மட்டும் கேட்க விரும்புகிறவர்களுக்கு அங்கே ஓர் ஏற்பாடு இருந்தது. சான்றிதழ் ஒன்றும் கேட்கவில்லை. அவளே என்னைப் பதிவு செய்யும் இடத்துக்குக் கூட்டிப் போய்ப் படிவத்தை நிரப்பினாள்.

கணவரிடம் அன்று பின்னேரம் சொன்னேன். அவர் வேலைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தானில் வைத்த கை அப்படியே நின்றது.

"உமக்கென்ன விசரோ? இஞ்சை டொச் படியாமல் என்னத்துக்கு ஆபிரிக்கப் பாஷை?"

"சும்மா கேக்கத்தான் போறன்."

"சும்மா கேக்கிறதெண்டால் டொச்சைக் கேளும். நாளைக்கு ஒரு வருத்தம் துன்பம் எண்டால் ஆரோடை யொரூபா கதைக்கப் போறீர்?"

அவர் சொன்னது நியாயம். எனக்கும் தெரிந்திருந்தது. ஆனால் டொச் எங்களை விசாரித்த மொழி. ஏன் வந்தாய், எந்த வழியாக வந்தாய், சொல்வது உண்மையா என்று மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட மொழி. அந்தப் பெண் என்னை ஒன்றும் விசாரிக்கவில்லை. அவருக்கு இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மேற்கொண்டு தடுக்கவில்லை. தடுக்கிற மனிதர் இல்லை அவர்.

வகுப்பில் இருந்த மற்ற இருவரில் ஒருத்தி இனவியல் படிக்கும் மாணவி. கெட்டிக்காரி, எதையும் கேட்டவுடன் எழுதிக்கொள்வாள். மற்றவர் ஓய்வுபெற்ற ஒரு தாதி. இளவயதில் நைஜீரியாவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர், மறந்துபோன மொழியைத் திரும்பப் பிடிக்க வந்திருந்தார். வகுப்பு இங்கிலீஷிலும் டொச்சிலும் கலந்து நடந்தது.

தொனி எனக்கு வரவேயில்லை. விரிவுரையாளர் டோ ரே மீ என்று பாடிக் காட்டினாள். நான் அதை மனதுக்குள் ச ரி க என்று மாற்றிப் பார்த்தேன். பாட்டாகப் பாடினால் சரியாக வரும், சொல்லாகச் சொல்லும்போது எல்லாம் ஒரே மட்டத்தில் விழும். என் கணவர் உணவகத்தில் வேலை செய்கிறார் என்று சொல்லப் போய், என் மண்வெட்டி உணவகத்தில் வேலை செய்கிறது என்று சொன்னேன். தாதி மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். விரிவுரையாளர் சிரிக்கவில்லை. "திரும்பச் சொல்" என்றாள். பதினைந்து தரமாவது சொல்ல வைத்தாள். கற்பிக்கும்போது இரக்கம் காட்ட மாட்டாள். பிழை விட்டால் அவள் முகம் நோவு வந்தவளைப் போலச் சுருங்கும்.

ஆனால் ஒருநாள் நான் வென்றேன். யொரூபாவில் சகோதரன் என்று பொதுவாக ஒரு சொல் இல்லை. மூத்தவர், இளையவர் என்றுதான் உண்டு. மாணவிக்கு அது பிடிபடவில்லை. "வயது தெரியாவிட்டால் எப்படிச் சொல்வது?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். நான் டொச்சில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன், எங்களுக்கும் அப்படித்தான், யார் முதலில் பிறந்தார் என்று தெரியாமல் ஒருவரைக் கூப்பிட வாய் வராது. அதைப் போலவே பெரியவரை ஒரு விதமாகவும் சின்னவரை ஒரு விதமாகவும் விளிப்பது, வாசலில் கண்டதும் வீட்டிலுள்ள எல்லாரையும் சுகம் விசாரிப்பது, இடது கையால் ஒன்றையும் நீட்டாமல் இருப்பது. விரிவுரையாளர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் தலையாட்டினேன். அந்த நாட்டில் கால் வைத்த பிறகு எனக்கு ஏதோ தெரியும் என்று இருந்த ஒரே இடம் அந்த அறைதான்.

கோடையில் நான் கர்ப்பமானேன். அடுத்த குளிர்காலப் பருவம் தொடங்கியபோது வயிறு தெரிந்தது. விரிவுரையாளர் என்னைக் கண்டதும் வாழ்த்துச் சொல்லவில்லை. கையைப் பிடித்து யொரூபாவில் மெல்ல ஏதோ சொன்னாள். தாயின் குரலும் கேட்கட்டும், பிள்ளையின் குரலும் கேட்கட்டும் என்று பொருள் என்றாள். பிறக்கும் வரை அதற்கு மேல் எதுவும் சொல்லக்கூடாதாம்.

பருவம் தொடங்கி மூன்றாவது கிழமை. ஆறாம் மாதம் முடிகிற நேரம். படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வயிறு கல்லாக இறுகியது. அரை மணித்தியாலம் படியில் குந்தியிருந்தேன். குறைந்தது போலிருந்தது, மிச்சப் படிகளையும் துடைத்துவிட்டு ரயிலேறி வீட்டுக்குப் போனேன். மத்தியானம் கணவர் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்த டொக்டர் அதை எடுத்துவிட்டுத் திரும்பவும் வைத்தார். பிறகு கணவரைப் பார்த்துக் கதைத்தார். நெடுநேரம் கதைத்தார். கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எனக்கு ஊசி போட்டார்கள்.

கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கணவர் கோட்டைக் கழற்றாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"ஆம்பிளைப் பிள்ளையோ, பொம்பிளைப் பிள்ளையோ?" என்று கேட்டேன்.

"தெரியேல்லை" என்றார்.

சொல்லப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் வீட்டுக்கு வந்தோம். பால் கட்டி மார்பு நொந்தது. அவர் உணவகத்திலிருந்து முட்டைக்கோவா இலைகளைக் கொண்டுவந்து தந்தார். அதை வைத்தால் நோக் குறையும் என்று அங்கே சமைக்கிற மனுசி சொன்னதாம். எங்களுக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்கள் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, இன்னும் வயது கிடக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களும் அன்று வேலைக்குப் போக வேண்டியவர்கள்.

மூன்று கிழமை கழித்து வேலைக்குப் போனேன். அந்தப் புதன்கிழமை வகுப்புக்கும் போனேன். வீட்டில் இருப்பதற்கு அது பரவாயில்லை என்று நினைத்தேன். விரிவுரையாளர் என் வயிற்றைப் பார்த்தாள். வாய் திறந்தாள். அதற்குள் மாணவி எழுந்து தன் கட்டுரையை வாசிக்கத் தொடங்கிவிட்டாள். அன்றைக்கு அவளுடைய முறை. தலைப்பை முன்பருவத்திலேயே தெரிவு செய்திருந்தாள். இறப்பதற்காகவே பிறக்கும் பிள்ளைகளைப் பற்றிய கட்டுரை.

யொரூபாவில் அந்தப் பிள்ளைகளுக்கு அபிகூ என்று பெயர். அவர்கள் தாயின் வயிற்றுக்கு வருவார்கள், போவார்கள், திரும்பவும் அதே தாயிடம் வருவார்கள். போகாமல் இருக்கச் சொல்லிக் கெஞ்சுகிற பெயர்களை வைப்பார்கள். இனிப் போகாதே என்று ஒரு பெயர். மண்வெட்டி இல்லை என்று ஒரு பெயர். உன்னைப் புதைக்கக் கிடங்கு வெட்ட வீட்டில் இனி மண்வெட்டி இல்லை, ஆகவே இரு என்று அர்த்தம். மாணவி அதை நல்ல குரலில் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். எனக்கு வராத தொனி அவளுக்கு வந்திருந்தது. மண்வெட்டி மண்வெட்டியாகவே கேட்டது.

விரிவுரையாளர், "இன்றைக்கு இது போதும்" என்றாள்.

"இன்னும் ஒரு பந்திதான்" என்றாள் மாணவி. அவளுக்கு ஒன்றும் தெரியாது. என்னை அவள் கோட்டில்லாமல் பார்த்ததே குறைவு. இறந்த பிள்ளையின் உடலில் தாய் ஓர் அடையாளம் போடுவாள் என்று வாசித்தாள். காதிலோ விரலிலோ ஒரு சிறு வெட்டு. அடுத்த முறை அந்தப் பிள்ளை திரும்பி வரும்போது அதே அடையாளத்தோடு வரும். தாய் கண்டுபிடித்துவிடுவாள்.

நான் எழுந்து வெளியே வந்தேன். கழிப்பறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். அந்தத் தாய்மார் பிள்ளையைக் கையில் வைத்திருந்தார்கள். வெட்டுப் போடுவதற்கு விரலைப் பிடித்திருக்கிறார்கள். எனக்கு அதன் முகம்கூடத் தெரியாது.

வீட்டுக்குப் போனதும் கேட்டேன்.

"இஞ்சாருங்கோ, பிள்ளை எப்பிடி இருந்தது?"

அவர் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்தார்.

"நான் பாக்கேல்லை."

"ஏன்?"

"ஆரும் காட்டேல்லை."

"நீங்கள் கேக்கேல்லையோ?"

"எப்பிடிக் கேக்கிறது எண்டு தெரியேல்லை. அந்த நேர்ஸ் வந்து ஏதோ கேட்டவ. எனக்கு விளங்கேல்லை. எதாவது வேணுமோ எண்டு கேக்கிறா எண்டு நினைச்சு நைன், வேண்டாம் எண்டு சொன்னனான். உம்மடை தலையைத் தடவிப் போட்டுப் போட்டா."

"என்ன கேட்டவ?"

"தெரியேல்லை எண்டு சொல்லுறன்."

"சத்தம் ஞாபகம் இருக்கோ?"

அவர் கண்ணை மூடி யோசித்தார். பிறகு அந்த மூன்று கிழமையும் மனதுக்குள் வைத்திருந்ததைப் போலச் சொன்னார். "வென்சீஸ் க்ஸே."

வகுப்பில் பாடிப் பழக்கிய காது எனக்கு. அந்தச் சத்தத்தை ஏற்ற இறக்கத்தோடு அப்படியே பிடித்துக்கொண்டேன். பொருள் தெரியவில்லை. சுவிஸ்காரர் வீட்டில் பேசுகிற டொச், புத்தகத்து டொச் இல்லை.

அடுத்த நாள் காலை விரிவுரையாளர் மூன்றாம் மாடிக்கு வந்தாள். நான் வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அவள் "பெலெ" என்றாள். யாருக்காவது நோவு வந்தால் சொல்லும் சொல் அது. நோவுக்குக் காரணம் நாமில்லை என்றாலும் சொல்ல வேண்டும். பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"அந்தக் கட்டுரையை நிறுத்தியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சத்தமாகக்கூடச் சொல்ல மாட்டார்கள். இங்கே அதைப் பாடமாக்கிப் புள்ளி போடுவது நான்தான்." ஜன்னல் கண்ணாடியை விரலால் துடைத்தாள். "எனக்கு முன்னால் பிறந்த இருவரை அம்மா புதைத்தவர். என் பெயரும் அப்படிப்பட்ட பெயர்தான். இரு என்று அர்த்தம்."

அவளுக்கு ஐந்து வயதில் ஒரு மகள் இருந்தாள், நைஜீரியாவில், இபாதானில் தன் தாயோடு விட்டுவிட்டு வந்திருந்தாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஒப்பந்தத்தை இனி நீட்டவில்லை என்று கடிதம் வந்திருப்பதையும் அன்றைக்குத்தான் சொன்னாள். மூன்று பேருக்காக ஒரு வகுப்பை நடத்த முடியாதாம். கடிதத்தில் அவள் பெயரைப் புள்ளியும் கோடும் இல்லாமல் எழுதியிருந்தார்கள். "அப்படி எழுதினால் அது என் பெயரே இல்லை" என்றாள். அவள் அழவில்லை. எனக்கு ஆறுதல் சொல்ல வந்தவளுக்கு நான் ஆறுதல் சொல்லத் தெரியாமல் தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த புதன்கிழமை, வகுப்புத் தொடங்குமுன் மாணவியிடம் கேட்டேன். "இது என்ன? வென்சீஸ் க்ஸே."

அவள் சிரித்தாள். "நல்லாகச் சொல்கிறீர்கள், எங்கள் ஆள் மாதிரியே. அதைப் பார்க்க விரும்புகிறீர்களா என்று அர்த்தம். எங்கே கேட்டீர்கள்?"

"ஒரு கடையில்" என்றேன்.

பக்கத்திலிருந்த தாதி என்னைப் பார்த்தார். அவர் அந்தத் தொழிலில் முப்பது வருடம் இருந்தவர். வகுப்புக்கு வராத கிழமைகளில் நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்று அவர் ஊகித்திருந்தார். மாணவி கொப்பியை எடுக்கக் குனிந்த நேரம், தாழ்ந்த குரலில், "நீங்கள் வேண்டாம் என்றா சொன்னீர்கள்?" என்று கேட்டார். "ஒரு தரம்தான் கேட்போம்" என்றார். "வேண்டாம் என்றால் திரும்பக் கேட்க மாட்டோம். அதுதான் இரக்கம் என்று நினைத்திருந்தோம்."

வீட்டில் அவர் எனக்காகக் காத்திருந்தார்.

"கேட்டனீரோ? என்னவாம் அது?"

ரயிலில் வரும்போது முழுதும் அந்தக் கேள்வியைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். நான் டொச் படித்திருந்தால், அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால், அந்த மூன்று சத்தம் விளங்கியிருக்கும். அவர் வேண்டாம் என்றதற்குப் பதில் ஒரே ஒரு ஓம் போதும். அவரைக் கோப்பை கழுவும் வேலைக்கு ஓட விட்டுவிட்டு நான் யொரூபா படித்தேன்.

"தேவையான ஏதும் இருக்கோ எண்டுதான் கேட்டவவாம்" என்றேன்.

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்" என்றார். அவர் முகம் தெளிந்தது. அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவேயில்லை. அவர் இப்போது இல்லை. இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பருவ முடிவில் வகுப்பை மூடினார்கள். கடைசி நாளில் விரிவுரையாளர் பாடம் எடுக்கவில்லை. எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகக் கதைக்கச் சொன்னாள். மாணவி நீளமாகக் கதைத்தாள். தாதி தான் வேலை செய்த ஊரைப் பற்றிச் சொன்னார். நான் ஐந்து வசனம் ஆயத்தம் செய்திருந்தேன். இரண்டாவதில் நின்றுவிட்டேன். அவள் திரும்பச் சொல் என்று சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. பிழையான தொனியை அப்படியே விட்டுவிட்டாள். அது எனக்கு எல்லாவற்றையும்விடக் கூடுதலாக வலித்தது. அவள் ஊருக்குப் போன பிறகு இரண்டு கடிதம் வந்தது. மகள் தன்னை அம்மா என்று கூப்பிட மறுக்கிறாள் என்று இரண்டாவதில் எழுதியிருந்தாள். நான் பதில் போட்டேன். பிறகு கடிதம் இல்லை.

நான் டொச் வகுப்பில் சேர்ந்தேன். ஒரு வருடம் ஒழுங்காகப் போனேன். ஒரு கேள்வியைப் பிழையில்லாமல் கேட்க வந்ததும், லீவு எடுத்துக்கொண்டு தனியே அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம், என் பிள்ளையை எங்கே வைத்தார்கள் என்று கேட்டேன். மாதத்தைச் சொன்னேன். என் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அவள் உள்ளே போய்த் தாள்கள் கோத்த ஒரு கோவையோடு வந்தாள். பொறுமையாகத்தான் விளக்கினாள். ஆறாம் மாதத்தில் உயிரில்லாமல் பிறந்தால் பதிவு செய்வதில்லை. பதிவு இல்லாவிட்டால் தனி இடமும் இல்லை. ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளும்.

"எப்படிப் பார்த்துக்கொள்ளும்?" என்று கேட்டேன்.

அவள் கோவையைப் பார்த்தாள். "அது இங்கே எழுதவில்லை."

"ஆணா, பெண்ணா என்று இருக்கிறதா?"

தாளைப் புரட்டினாள். "அதற்கான கட்டம் நிரப்பப்படவில்லை. மன்னிக்க வேண்டும்."

ஒரு சொல் விடாமல் எனக்கு எல்லாம் விளங்கியது. எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். விலகி வெளியே வந்து பஸ் தரிப்பில் இருந்தேன். இரண்டு பஸ் போயிற்று. மூன்றாவதில் ஏறினேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு நான் வீட்டுக்குத் திரும்பியபோது அவர் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் நித்திரையாகியிருந்தார். சத்தம் கேட்டுக் கண் விழித்தார்.

"எங்கை போனனீர்?"

"சும்மா, கடைப் பக்கம்."

"ஒண்டும் வாங்கேல்லையோ?"

"இல்லை" என்றேன்.

அடுப்பில் சோற்றை வைத்தேன்.